ருசி பார்க்காமல் கிண்டிய கஸ்டர்ட்

கஸ்டர்ட் பப்ஸைக் கையில் வாங்கியதும் முதலில் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மேல்பக்கத்தைப் பார்த்து மயங்கினால் ஏமாந்து போவோம். மேலே எல்லாக் கடையிலும் பளபளப்பாகத்தான் இருக்கும். அடுக்கடுக்காக உப்பி, நடுவில் மஞ்சள் வட்டமாகக் கஸ்டர்ட் மினுங்கும். அடிப்பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே ஈரம் ஊறிக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தால், காலையில் நிரப்பியதைச் சாயங்காலம் உங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்தது கடி. கடித்தால் துகள் சேலை மடியில் விழ வேண்டும். விழாத பப்ஸ் பப்ஸே இல்லை, அது பன்னுக்குத் தங்கச்சி. அப்புறம் கஸ்டர்ட். கடித்த இடத்திலிருந்து வழிந்து கையில் இறங்கினால் அது வேகவில்லை. வெட்டி வைத்த அல்வா மாதிரி அசையாமல் நின்றால் மக்காச்சோள மாவை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கும் கஸ்டர்ட், அதுதான் நல்ல கஸ்டர்ட். கடைசியாக, விழுங்கிய பிறகு வாயில் என்ன மிஞ்சுகிறது என்று கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும். பால் மிஞ்சினால் நல்லது. எசன்ஸ் மிஞ்சினால் கடைக்காரர் எதையோ மறைக்கப் பார்க்கிறார்.

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நான் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் அறிவியல் டீச்சர். எதைப் பார்த்தாலும் மார்க் போடுவது எங்கள் தொழிலின் வியாதி. என் வீட்டுக்காரர் வைக்கும் ரசத்துக்குக்கூட மனசுக்குள் மார்க் போட்ட பிறகுதான் இரண்டாவது கரண்டி ஊற்றிக்கொள்வேன். பத்துக்குப் பத்து யாருக்கும் போட்டதில்லை, அவருக்கும்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் திருநகரில் வாடகைக்கு இருந்தோம். பள்ளி விட்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினால், ஸ்டாப்பிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பும் முனையில் ஒரு பேக்கரி. அதை நடத்தி வந்த பெரியவர் வயதாகிவிட்டதென்று கடையைக் கைமாற்றிவிட்டு மலையாளக் கரைப் பக்கம் தன் ஊருக்கே போய்விட்டார். அவருடைய கஸ்டர்ட் பப்ஸுக்காகவே முந்தின ஸ்டாப்பிலோ அடுத்த ஸ்டாப்பிலோ இறங்க வேண்டியவர்கள்கூட அங்கே இறங்குவார்கள். மிச்சமெல்லாம், பன், ரஸ்க், வெஜிடபிள் பப்ஸ், எந்தக் கடையிலும் கிடைக்கும். கஸ்டர்ட் பப்ஸ்தான் அந்தக் கடை.

கடையை எடுத்தவர்கள் ஒரு கணவன் மனைவி. வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பம். அவர் கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பெரியவர் ஊருக்குப் போகும் முன் சில வாரம் இருவரையும் கூடவே நிற்க வைத்து வேலை பழக்கினார். மாவும் அடுப்பும் அவர் பொறுப்பு, கஸ்டர்ட் அந்த அக்காவின் பொறுப்பு என்று ஆயிற்று.

அவர்கள் கையால் செய்த முதல் பப்ஸை நான் வாங்கிய அன்று கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கவிழ்த்துப் பார்த்தேன், அடி காய்ந்திருந்தது. கடித்தேன், துகள் விழுந்தது. கஸ்டர்டை வாயில் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு வெனிலா. பாலும் இல்லை, முட்டையும் இல்லை, ஒரே செண்ட் வாசனை.

பக்கத்தில் நின்ற எல்லோரும் அதையேதான் தின்றுகொண்டிருந்தார்கள். "நல்லாருக்குக்கா", "அதே மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். வாயில் வைத்ததைக் குறை சொல்லக் கூச்சப்படுவார்கள். முகத்துக்கு நேராக நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் சத்தமில்லாமல் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அந்த நல்லாருக்குவை நம்பிக் கடையை மூடியவர்கள் எத்தனையோ பேர்.

எனக்கு அந்தக் கூச்சம் கிடையாது. "அக்கா, எசன்ஸ் பாட்டில் கவுந்துருச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த அக்காவின் முகம் சுண்டிப்போனது. நின்றவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் மிச்சத்தையும் தின்று முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். குப்பையில் போடும் அளவுக்கு எனக்கு மனசு வராது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் நான் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், "டீச்சர், ஒரு நிமிசம் உள்ள வாங்க" என்று அந்த அக்கா கூப்பிட்டார். சண்டைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, பதிலை ஆயத்தம் செய்தபடியே போனேன். அடுப்பறையில் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் கஸ்டர்டை எடுத்து நீட்டினார்.

"இது எப்படி இருக்குன்னு பாருங்க."

"நீங்க பாக்கலயாக்கா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நா முட்ட சாப்புட மாட்டேன் டீச்சர். எங்க அம்மா வீட்டுக்குள்ள முட்ட வந்ததே இல்ல. இதுவரைக்கும் வாயில வச்சதில்ல. நேத்து நீங்க சொன்னதுலருந்து தூக்கம் இல்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாழ்நாள் முழுக்க முட்டை தின்னாத மூக்கு அது. சாப்பிடுகிறவர்களுக்கு வாசனையாகத் தெரிவது அவருக்குக் கவுச்சியாகத் தெரிகிறது. மஞ்சள் கருவைப் பாலில் ஊற்றிய நொடியிலிருந்து அவருக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. ஒரு மூடி எசன்ஸ் விடுவார், மோந்து பார்ப்பார், இன்னும் அடிக்கிற மாதிரி இருக்கும், இன்னொரு மூடி விடுவார். தனக்கு வாடை வராத வரைக்கும் ஊற்றிக்கொண்டே போனால் பிறகு அதில் கஸ்டர்ட் எங்கே இருக்கும்? அந்தப் பெரியவர் கை அளவு சொல்லிக் கொடுத்துத்தான் போயிருந்தார். அவர் போன பிறகு அளவை மூக்கு தீர்மானித்துவிட்டது.

"அண்ணன் சாப்புடுவாருல்ல? அவரக் கேக்கலாமே" என்றேன். தொழிற்சாலைக் கேன்டீனில் பழகி அவர் முட்டை சாப்பிடுவார் என்பது கடையில் நின்றாலே தெரியும்.

"அவரா? சாம்பிராணியக் கரைச்சுக் குடுத்தாலும் அருமையா இருக்கும்பாரு."

அண்ணன் அடுப்புக்குள் தட்டைத் தள்ளிக்கொண்டே சிரித்தார். "நல்லாத்தான் டீச்சர் இருக்கு" என்றார்.

அப்படி ஆரம்பித்ததுதான். பள்ளி விட்டு வரும் நாட்களில் அடுப்பறையில் அந்த ஸ்டூலில் உட்காருவேன். கிண்ணம் வரும். ஒரு வாய் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவேன். அக்கா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, என் வாயையே பார்த்தபடி நிற்பார். "எம்புட்டு மார்க் டீச்சர்?" என்பார். முதல் நாள் நாலு போட்டேன். எசன்ஸ் குறையக் குறைய மார்க் ஏறியது. ஒரு நாள் அடி பிடித்துவிட்டது, இறக்கிவிட்டேன். மழைக்காலத்தில் எட்டுக்கு வந்தது.

"மிச்சம் ரெண்டு எங்க போச்சு?"

"ஒண்ணு உங்களுக்குத் திமிரு வராம இருக்க. இன்னொண்ணு எனக்குக் கௌரவம்."

அந்தக் கடைக்கு நான் போனதற்குக் கஸ்டர்ட் மட்டும் காரணம் இல்லை. எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், சபையின் மூத்த அம்மாக்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்காக ஜெபம் பண்ணிக்கிட்டுத்தாம்மா இருக்கோம்" என்பார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் வாராவாரம் அதைக் கேட்டு நன்றி சொல்லிச் சொல்லி எனக்குக் கோவிலுக்குப் போகவே அலுத்துவிட்டது. பள்ளியில் ஆசிரியர் அறையிலும் "விசேஷம் ஏதும் உண்டா டீச்சர்?" என்ற கேள்வி மாதம் தவறாமல் வரும். வீட்டுக்காரரின் சொந்தங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த அக்கா மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஒரு பையன் அவருக்கு இருந்தான். அவனைப் பற்றிப் பேசும்போதுகூட, "உங்களுக்கு எப்ப?" என்ற இடத்துக்குப் பேச்சு வராமல் லாகவமாகத் திரும்பிவிடுவார். பொதுவாக நான் கடுகடுப்பான ஆள். அந்த ஸ்டூலில் மட்டும் அது எனக்குத் தேவைப்படவில்லை.

அவருக்கும் சீண்டல் இல்லாமல் இல்லை. முட்டை கொண்டுவந்து போடுகிறவர், பக்கத்து டீக்கடைக்காரர், "செய்றவுக நீங்களே திங்கலன்னா எப்படி? ஒரு வாயி வச்சுப் பாருங்க, குடியா முழுகிப்போகும்?" என்று கேட்காத நாள் இல்லை. அவர் தன்பாட்டுக்குக் கிண்டிக்கொண்டிருப்பார்.

மார்க் ஏறினாலும் வியாபாரம் ஏறவில்லை. எசன்ஸ் காலத்தில் போனவர்கள் போனவர்கள்தான், திரும்பி வந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பொங்கல் முடிந்த பிறகு ஒரு நாள் அக்கா சொன்னார், அண்ணனுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைப்பதாக இருக்கிறது, இங்கே சரிப்படவில்லை என்றால் பங்குனியில் கிளம்பிவிடுவார் என்று. இவரும் பையனும் இங்கேதான். பையனின் பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே போய் மூன்று பேர் இருக்க வழி இல்லை.

"கல்யாணமானதுலருந்து ஒரு நா பிரிஞ்சு இருந்ததில்ல டீச்சர்" என்றார். கிண்டிக்கொண்டிருந்ததை இன்னும் வேகமாகக் கிண்டினார்.

எங்கள் பள்ளியில் ஆண்டு விழா வந்தது. விழா முடிந்ததும் பெற்றோருக்கும் விருந்தாளிகளுக்கும் தேநீர் கொடுப்பது வழக்கம். வழக்கமாகப் பலகாரம் கொடுக்கும் கடையில் தலைமையாசிரியைக்கு மனத்தாங்கல். நான் சமயம் பார்த்து இந்தக் கடையைச் சொன்னேன். தலைமையாசிரியை யோசித்தார். "ஆண்டு விழாவுக்குப் பாக்கலாம். நல்லா இருந்துச்சுன்னா ஸ்கூல் கேன்டீனுக்கும் இவுங்களையே போடச் சொல்லிரலாம்" என்றார். நான் அன்று பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிப்போய்ச் சொன்னேன். கேன்டீன் கிடைத்துவிட்டால் திருப்பூர் இல்லை. அந்த அக்கா கரண்டியை வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கையெல்லாம் மைதா.

விழா ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அந்த வாரம் முழுக்க மைதானத்தில் ஒத்திகை. மாசி வெயிலில் நின்று நின்று எனக்குத் தலை சுற்றிக்கொண்டே இருந்தது. காலையில் காப்பி இறங்கவில்லை. பாலில் ஏதோ கலக்கிறார் என்று பால்காரரோடு வாசலில் நின்று சண்டை போட்டேன். அவர் சத்தியம் செய்தார், நான் நம்பவில்லை.

சனிக்கிழமை காலை கடைக்குப் போனேன். அன்றைக்கு மதியத்துக்குள் பப்ஸ் பள்ளிக்குப் போயாக வேண்டும். அண்ணன் விடியற்காலையிலேயே அடுப்பை மூட்டி, பப்ஸ் கூடுகளைச் சுட்டு வரிசையாக அடுக்கியிருந்தார். ஒவ்வொன்றின் நடுவிலும் குழி, கஸ்டர்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அக்கா தலைக்குக் குளித்து, மல்லிகைப்பூ வைத்து, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி இருந்தார். பெரிய பாத்திரத்தில் கஸ்டர்ட் ஆறிக்கொண்டிருந்தது. நிறமும் பதமும் அப்படி ஒரு அழகு. பார்த்ததுமே மனசுக்குள் ஒன்பது போட்டுவிட்டேன்.

வாயில் வைத்தேன். வைத்த வேகத்தில் வாசலுக்கு ஓடித் துப்பினேன்.

"என்ன டீச்சர்?"

"கவுச்சி அடிக்குதுக்கா."

அந்த வார்த்தையை நான் அவரிடம் அதுவரை சொன்னதில்லை. எசன்ஸ் அதிகம் என்றிருக்கிறேன், தித்திப்பு அதிகம் என்றிருக்கிறேன், கட்டி என்றிருக்கிறேன். கவுச்சி என்றதில்லை. அவர் இத்தனை மாதமாக எதற்குப் பயந்தாரோ அதைச் சரியாகத் தேடி எடுத்து நான் சொல்லிவிட்டேன்.

அண்ணன் ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டார். "நல்லாத்தானே இருக்கு" என்றார்.

நாங்கள் இருவரும் ஒன்றாக அவர் பக்கம் திரும்பினோம். "நீங்க சும்மா இருங்க" என்றார் அக்கா. அவருடைய நல்லாருக்குவுக்கு என்ன மதிப்பு என்று எங்களுக்குத் தெரியாதா?

அவ்வளவு கஸ்டர்டையும் கொட்டினார்கள். அண்ணன் மொபெட்டை எடுத்துக்கொண்டு திருப்பரங்குன்றம் வரை போய் வேறு கடையில் முட்டை வாங்கி வந்தார். அக்கா பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தார். மறுபடியும் பால், மறுபடியும் மஞ்சள் கரு. இந்த முறை பயத்தில் எசன்ஸ் மூடி கொஞ்சம் கூடவே சாய்ந்ததை நான் பார்த்தும் விட்டுவிட்டேன். ஆறும் முன்பே நாக்கில் வைத்தேன். அதே கவுச்சி. இன்னும் மோசம், எசன்ஸும் சேர்ந்துகொண்டது.

அக்கா கவிழ்த்துப் போட்டிருந்த டால்டா டின்னின் மேல் உட்கார்ந்துவிட்டார். "கெளம்புறதுக்கு உள்ள வேலையப் பாருங்க" என்று அண்ணனைப் பார்க்காமல் சொன்னார். "திருப்பூருக்குத்தான் போகணும்னு எழுதிருக்கு போல."

எனக்கு அழுகை வந்தது. சிபாரிசு செய்தவள் நான், தலைமையாசிரியைக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை ஒரு பக்கம். அதைவிட, அந்த இருவரையும் பார்க்கப் பொறுக்கவில்லை. அறிவியல் டீச்சர் அல்லவா, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று எழுந்தேன். "பாலக் குடுங்கக்கா" என்றேன். காய்ச்சிய பாலை ஒரு டம்ளரில் கொடுத்தார். மோந்து பார்த்தேன். "இதுலதான் இருக்கு. பால்தான் காரணம்."

"பால் இப்ப கறந்து வந்ததுதான" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே, கவுச்சி அடிக்குது."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு ரொட்டித் துண்டை எடுத்து வந்து நீட்டினார். முட்டை படாத வெறும் ரொட்டி.

"இது?"

மோந்தேன். "இதுலயும் இருக்கு."

பானையிலிருந்து ஒரு சில்வர் டம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

"இது?"

"டம்ளர்லயே அடிக்குதுக்கா. கழுவுற எடத்துல ஏதோ தப்பு நடக்குது."

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். கையை முந்தானையில் நிதானமாகத் துடைத்தார். பிறகு அண்ணனைப் பார்த்து அவர்கள் மொழியில் ஏதோ ஒரே ஒரு வரி சொன்னார். அண்ணன் சட்டென்று அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் அவர் சிரிப்பது பின்னங்கழுத்திலேயே தெரிந்தது. கடை முழுகிக்கொண்டிருக்கும்போது இந்த மனுஷனுக்கு என்ன சிரிப்பு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். "டீச்சர், கோவிச்சுக்கக் கூடாது. நாளு தள்ளிப் போயிருக்கா?"

கோபம்தான் முதலில் வந்தது. நீங்களுமா என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்புறம் மனசுக்குள் நாட்களை எண்ணிப் பார்த்தேன், ஆண்டு விழா ஒத்திகையில் எல்லாம் குழம்பிக் கிடந்தது, மறுபடி எண்ணினேன். கோபம் போய்ப் பயம் வந்தது. இதற்கு முன் இரண்டு முறை நம்பியிருக்கிறேன். இரண்டு முறையும் அந்த நம்பிக்கையைத் தனியாக உட்கார்ந்து அழுது தீர்த்திருக்கிறேன்.

"இருக்காதுக்கா" என்றேன்.

"எம் பையன் வயித்துல இருக்கயில எங்க அம்மா வீட்டுல போயி முட்ட நாத்தம் அடிக்குதுன்னு அப்படி ஒரு சண்ட போட்டேன். முட்டையே வராத வீட்டுல." அவர் என் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தார். "கஸ்டர்டுல ஒண்ணும் இல்ல டீச்சர். நீங்க அப்படியே உக்காருங்க, இல்ல வெளிய காத்தாடப் போங்க. வேல கெடக்கு."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். அக்காவின் நாக்கும் இல்லை, என் நாக்கும் இல்லை என்று ஆன பிறகு மிச்சமிருந்தது அந்த ஒரு நாக்குதான். இரண்டாவது கஸ்டர்டில் ஒரு கரண்டி அள்ளி அவரிடமே நீட்டினார். "இப்ப நீங்கதான் சொல்லணும். நெசமாச் சொல்லணும்."

அண்ணன் கரண்டியை வாங்கினார். வழக்கமாக வாயில் வைக்கும் முன்பே நல்லாருக்கு வந்துவிடும். இந்த முறை வரவில்லை. வாயில் வைத்து, ஓரமாக ஒதுக்கி, நிதானமாக விழுங்கினார். அதற்குப் பிறகும் பொறுத்திருந்தார். நான் செய்வதைவிட ஒழுங்காகச் செய்தார்.

"எசன்ஸ் ஒரு மூடி கூட. சீனியும் லேசாக் கூடிருச்சு. மொதல்ல கொட்டுனமே, அதுதான் பெரியவரு கைப்பக்குவம். அதுக்கு மேல செய்ய முடியாது" என்றார்.



"அப்ப இம்புட்டு நாளா ஒங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சா?" என்று கேட்டார் அக்கா. "எசன்ஸ ஊத்தி ஊத்தி யாவாரத்தக் கெடுத்தேனே, அப்பவும் நல்லாருக்கு நல்லாருக்குன்னீகளே."

அண்ணன் கரண்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பாக்டரிய மூடுன அன்னைக்கி வீட்டுக்கு வந்து செவத்தப் பாத்துப் படுத்தவன் நான். எந்திரிங்க, இந்தக் கடையப் புடிப்போம்னு நீதான் சொன்ன. சாப்புடாத முட்டைய எனக்காகக் கையில தொட்ட. அதுல நா என்னன்னு கொற சொல்ல?"

எங்கள் ஊரின் நல்லாருக்குவை நான் எப்போதும் கோழைத்தனம் என்றே நினைத்திருந்தேன். அண்ணனுடைய நல்லாருக்கு அந்த வகை இல்லை. ஆனால் அதனாலும் கடை மூடும்தான், அக்காவுக்கும் அது தெரிந்திருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே அப்படிச் சொன்னீகன்னா இந்தக் கரண்டியாலயே வாங்குவீக" என்றார். முட்டையை எடுத்து உடைக்க ஆரம்பித்தார்.

மூன்றாவது கஸ்டர்டை அண்ணன்தான் ருசி பார்த்தார். எசன்ஸ் மூடியை அக்கா சாய்க்கும்போது அவர், "போதும்" என்று அதட்டியது வாசலில் வேப்பமரத்தடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற எனக்கே கேட்டது. எனக்கு மார்க் போட வேலை இல்லை. தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு, நினைக்கவா வேண்டாமா என்று ஒரே நினைப்பைத் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தேன்.

பப்ஸ் நேரத்துக்குப் பள்ளிக்குப் போய்விட்டது. தேநீர் வேளையில் நான் அந்தப் பக்கமே போகவில்லை. தலைமையாசிரியை ஒன்றைத் தின்றுவிட்டு, இன்னொன்றைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு கேன்டீனைப் பற்றிக் கவலைப்பட என்ன இருக்கிறது? பங்குனி வந்து போனது, அண்ணன் எங்கும் கிளம்பவில்லை.

அக்கா சொன்னது சரியாகத்தான் இருந்தது. டாக்டரம்மா சொன்ன பிறகும் நான் பல நாள் நம்பவில்லை. சபையின் அம்மாக்கள் தங்கள் ஜெபம் கேட்கப்பட்டது என்றார்கள், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு முன்னால், என் வீட்டுக்காரருக்கும் முன்னால், இந்தச் செய்தி இன்னொரு மொழியில், ஒரு பேக்கரியின் அடுப்பறையில் சொல்லப்பட்டுவிட்டது என்பதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொள்வேன். பால்காரரிடமும் பேச்சுவார்த்தையைச் சரிசெய்துகொண்டேன்.

அந்த மாதங்களில் நான் பேக்கரிப் பக்கமே போக முடியவில்லை. பஸ்ஸை ஒரு ஸ்டாப் முன்னாலேயே விட்டு இறங்கி, சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அண்ணன்தான் மார்க் போடுகிறார் என்றும், ஆறுக்கு மேல் தருவதில்லை, டீச்சரே தேவலை என்றும் அக்கா சொல்லி அனுப்புவார்.

மகள் பிறந்து, அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வரத் தொடங்கியதும் முதலில் அங்கேதான் போனேன். அக்கா அவளை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு டால்டா டின்னில் உட்கார்ந்தார். அண்ணன் காகிதத்தில் ஒரு பப்ஸ் வைத்துக் கொடுத்தார். எல்லாமே பழையபடி இருந்தது. எனக்குத்தான் ஒரு விஷயம் மனசில் கிடந்து உறுத்தியது, கேட்டுவிட்டேன்.

"அக்கா, ஊரே எங்கிட்டக் கேட்டுச்சு. நீங்க மட்டும் அம்புட்டு நாளா ஒரு தடவகூடக் கேக்கலயே, ஏன்?"

அவர் குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிக்கொண்டே சொன்னார். "நீங்களும்தான் என்னையக் கேக்கல. ஒரு வாயி தின்னு பாத்தா என்னன்னு ஒரு நாளும் சொல்லல."

நான் பப்ஸைக் கவிழ்த்துப் பார்க்காமலே கடித்தேன்.